தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் காலையில் குளோரின் பூஜ்யம்: ஹாட் டப் வைத்திருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

மாலைத்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) 1,200 லிட்டர், நாலு பேர் தாராளமாக உட்காரலாம். டைக்ளோர் என்ற குளோரின் தூள்தான் போடுகிறேன். விற்றவர் சொன்னது, "குளித்து முடித்ததும் ஒரு தேக்கரண்டி போட்டு மூடிவிடுங்கள், போதும்" என்று. அதையேதான் செய்து வருகிறேன். ஆனால் இரவு போட்டுவிட்டுக் காலையில் சோதித்தால் குளோரின் இருந்த சுவடே இல்லை. தண்ணீரோ அடியில் கிடக்கிற மணல் துகள்கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. தெளிவாகத்தானே இருக்கிறது, அப்படியே இறங்கலாமா?

இன்னொன்று, மூடியைத் திறந்தால் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. குளோரினே இல்லாத தண்ணீரில் வாடை எங்கிருந்து வருகிறது? அப்புறம் தம்பிக்கு முதுகிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். குளோரின் கூடிப்போய்த் தோல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் சொல்கிறான். அதனால் அளவைக் குறைக்கச் சொல்கிறான்.

குழாய்க்காரர் எழுதியது:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இந்தத் தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம். தம்பி, நீங்கள், விருந்தினர் யாராக இருந்தாலும் சரி. தண்ணீரையும் காற்றையும் பீய்ச்சுகிற ஜெட்டையும் போட வேண்டாம்.

தெளிவு என்பது ஃபில்டர் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். கிருமி கண்ணுக்குத் தெரியாது, கலங்கல் தெரிகிற நேரத்தில் விஷயம் எப்போதோ கைமீறிப் போயிருக்கும்.

நீச்சல் குளத்துக்குச் சொல்கிற கணக்கை ஹாட் டப்புக்கு அப்படியே கொண்டுவருவதில்தான் பலருக்கும் சிக்கல் ஆரம்பிக்கிறது. உங்கள் தொட்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 300 லிட்டர்தான். அதே நெருக்கம் 60,000 லிட்டர் குளத்தில் வர வேண்டுமானால் 200 பேர் இறங்க வேண்டும். இதோடு 40 டிகிரி சூடு, அந்தச் சூட்டில் கொட்டுகிற வியர்வை, உடம்பில் பூசிய க்ரீம், ஜெட் கிளப்புகிற காற்று எல்லாம் சேர்ந்து குளோரினைத் தின்கின்றன. ஒரு ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் அளவுத் தொட்டியில் ஏறத்தாழ 7 பிபிஎம் குளோரின் (1 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்) போய்விடும், இது அனுபவக் கணக்கு. ஆக எத்தனை பேர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைப் பார்க்காமல் "ஒரு தேக்கரண்டி" என்று சொன்னால் அது எந்த வகையிலும் அளவே கிடையாது.

இந்த எண்களைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஃப்ரீ குளோரின் (அழுக்கோடு கூடிப்போகாமல் மிச்சமிருப்பது), மொத்தக் குளோரின், பி.எச்., காரத்தன்மை (தண்ணீரில் கரைந்த பைகார்பனேட் போன்றவற்றின் அளவு), சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கிற பொருள்). தண்ணீர் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்பதும் வேண்டும்.

ஆய்வகவாசி எழுதியது:

நான் நுண்ணுயிரி ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். தம்பியின் புள்ளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீச்சலுடை மூடியிருந்த இடத்தில் அதிகமா என்று கேட்டுப் பாருங்கள். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா மயிர்க்கால்களில் புகுந்து உண்டாக்குகிற சொறி அப்படித்தான் வரும். ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கிடக்கிற இடத்தில் அதற்குக் கொண்டாட்டம். அது வருவது குளோரின் குறைந்ததால். அப்படி இருக்க, அளவைக் குறைக்கச் சொல்வது நேர் எதிரான வைத்தியம். பெரும்பாலும் சில நாளில் தானே ஆறிவிடும், ஆறாவிட்டால் அல்லது காய்ச்சல் சேர்ந்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், ஹாட் டப்பில் குளித்ததை மறக்காமல் சொல்லவும் சொல்லுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை லெஜியோனெல்லா, கடுமையான நிமோனியாவை உண்டாக்குகிற பாக்டீரியா. 25 முதல் 45 டிகிரி வரை அது நன்றாக வளரும், ஹாட் டப்பின் சூடு அதற்குள்ளேதான் இருக்கிறது. ஜெட் ஓடும்போது தண்ணீருக்கு மேலே எழுகிற மெல்லிய சாரலை மூச்சில் இழுத்தாலே போதும், நுரையீரலுக்குப் போய்விடும். 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது, அங்கே காட்சிக்கு ஓடவிட்டிருந்த ஹாட் டப்பிலிருந்து பரவி 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்கள் அதில் இறங்கிக் குளித்தவர்கள் இல்லை, பூப் பார்க்க வந்து அந்தப் பக்கம் நடந்து போனவர்கள். 2019-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலும் ஒரு கண்காட்சியில் இதே கதை, 4 பேர் இறந்துபோனார்கள், அங்கும் ஓடிக்கொண்டிருந்த ஹாட் டப்களோடுதான் தொடர்பு தெரிந்தது. இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. "இன்று நான் இறங்கவில்லை, சும்மா ஜெட் ஓடட்டும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அந்தச் சாரலைத்தான் மூச்சில் இழுக்கிறார், அதனால் சொல்கிறேன். வயதானவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். குளித்து இரண்டு வாரத்துக்குள் இருமலும் காய்ச்சலும் வந்தால் தாமதிக்காதீர்கள்.

வெந்நீர்ப்பிரியன் எழுதியது:

நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் பல வருடமாக டைக்ளோர் மட்டும்தான் போடுகிறேன், ஓசோன் கருவியும் இருக்கிறது, 1 பிபிஎம் இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளோரின் ஏற ஏற வாடையும் கண் எரிச்சலும்தான் மிச்சம். ஓசோன்தான் கிருமியைக் கொல்கிறதே, குளோரினைக் கொட்டி என்ன ஆகப்போகிறது?

குழாய்க்காரர் எழுதியது:

> ஓசோன்தான் கிருமியைக் கொல்கிறதே

கொல்கிறது, ஆனால் தன் அறைக்குள் வந்த தண்ணீரில் மட்டும். தொட்டிக்குத் திரும்பி வரும்போது ஓசோன் மிஞ்சுவதில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து வந்த கிருமி ஓசோன் அறையைத் தேடிப் போகிற வரைக்கும் உங்களிடம்தான் இருக்கும். தண்ணீருக்குள்ளேயே நின்று காவல் காக்கிற மருந்து வேண்டும், அது குளோரின் அல்லது புரோமின். ஓசோன், யூவி, வெள்ளி, செம்பு எல்லாம் துணைக்கு ஆள். போதாக்குறைக்கு ஓசோன் குளோரினையும் கொஞ்சம் தின்கிறது.

வாடைக்கு வருகிறேன், மாலைத்தூறலும் இதைத்தான் கேட்டார். மூக்கைத் துளைக்கிற அந்த வாடை நல்ல குளோரினுடையது இல்லை. வியர்வை, சிறுநீர் வழியாக வருகிற அம்மோனியா, யூரியா போன்றவற்றோடு குளோரின் கூடி உண்டாகிற குளோரமைன்களுடையது. கண் எரிச்சலும் பெரும்பாலும் அதனால்தான். அதுதான் கூட்டுக் குளோரின், மொத்தத்திலிருந்து ஃப்ரீ குளோரினைக் கழித்தால் வருவது. போட்டது முழுவதும் இப்படிக் கூடிப் போய்விட்டால் ஃப்ரீ குளோரின் பூஜ்யம் காட்டும், வாடை மட்டும் தூக்கும். அதற்கு மருந்து அளவைக் குறைப்பது இல்லை, போதுமான அளவு ஏற்றி அந்தக் கழிவை எரித்துத் தள்ளுவது. மூடியைத் திறந்து வைத்து, ஜெட்டை ஓடவிட்டு, யாரும் பக்கத்தில் நிற்காமல்.

ஆய்வகவாசி எழுதியது:

1 பிபிஎம் கணக்கைப் பற்றி: அது நீச்சல் குளத்துக்கானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாட் டப்புக்குச் சொல்வது குறைந்தது 3 பிபிஎம் ஃப்ரீ குளோரின், பி.எச். 7.0-லிருந்து 7.8-க்குள். புரோமின் என்றால் 4 முதல் 8. சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால்தான் இந்த உயரம்.

அதே மையம் இன்னொன்றும் சொல்கிறது, ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் வேண்டாம் என்று. டைக்ளோரில் அது இருக்கிறது. இதைத்தான் விற்பவர்கள் யாருமே வாய்திறந்து சொல்வதில்லை என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

மாலைத்தூறல் எழுதியது:

சொட்டு மருந்துக் கிட்டும் மாத்திரைக் கிட்டும் வாங்கி எல்லாம் பார்த்தேன். ஃப்ரீ குளோரினைக் காட்டுகிற டிபிடி 1 மாத்திரையைக் கசக்கிப் போட்டால் தண்ணீர் நிறமே மாறவில்லை. மொத்தக் குளோரினைக் காட்டுகிற டிபிடி 3 மாத்திரையைச் சேர்த்ததும் மெல்ல இளஞ்சிவப்பு வந்து, 1.5-க்கு நேராக நின்றது. பி.எச். 8.0. காரத்தன்மை 160. சயனூரிக் சோதனையில் பால் போலக் கலங்கி, குழாயில் 100 கோட்டைத் தொடுவதற்கு வெகுமுன்பே அடியில் இருந்த கறுப்புப் புள்ளி மறைந்துவிட்டது. தண்ணீர் மாற்றி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. தம்பியிடம் கேட்டேன், ஆமாம், நீச்சலுடை மூடிய இடத்தில்தான் அதிகமாம்.

குழாய்க்காரர் எழுதியது:

நன்றாகச் சோதித்திருக்கிறீர்கள். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் டிபிடி நிறம் வெளுத்துப் பூஜ்யம் போலத் தோன்றும். அப்போது மாத்திரை விழுந்த கணத்தில் இளஞ்சிவப்பு பளிச்சென்று வந்து மறையும். உங்களுக்கு அப்படி வரவில்லை, டிபிடி 3 மாத்திரையிலும் 1.5 மட்டும்தான். ஆக ஃப்ரீ குளோரின் உண்மையிலேயே இல்லை, 1.5 பிபிஎம் மொத்தமும் கூட்டுக் குளோரின்.

அந்தக் குழாயில் புள்ளி எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ சயனூரிக் அவ்வளவு அதிகம், ஆக உங்களுடையது 100-க்கு மேலே எங்கேயோ இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று பாருங்கள். டைக்ளோர் வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் கூடவே 9 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். குளோரின் செலவாகிவிடும், இது மட்டும் போகாமல் தங்கிவிடும். தினம் 4 பிபிஎம் வீதம் 45 நாள் போட்டால் 180 பிபிஎம் குளோரின் போட்டிருப்போம், தண்ணீரில் 162 பிபிஎம் சயனூரிக் நிற்கும். அது குளோரினின் பெரும்பகுதியைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும். சோதனையில் 3 பிபிஎம் என்றே காட்டும், ஆனால் கிருமியைக் கொல்லக் கையிலிருக்கிற குளோரின் சொற்பமாக இருக்கும். முதல் வாரத்து 3-உம் மூன்றாம் மாதத்து 3-உம் ஒன்றே இல்லை. வெந்நீர்ப்பிரியன் அண்ணே, உங்கள் தண்ணீரையும் ஒருமுறை இதற்காகச் சோதித்துப் பாருங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பி.எச்.சும் உங்களுக்கு எதிராக நிற்கிறது. கொல்லுகிற வேலையைச் செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.5-இல் ஏறத்தாழ பாதி குளோரின் அந்த வடிவத்தில் இருக்கும், 8.0-க்குப் போனால் கால்வாசிதான். ஜெட் காற்றை அடிக்க அடிக்கக் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், காரத்தன்மை 160 இருந்தால் இன்னும் வேகமாக ஏறும்.

இந்தத் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டாம். சயனூரிக்கை இறக்க நடைமுறையில் ஒரே வழி, மாற்றுவதுதான். ஆனால் உடனே திறந்துவிடாதீர்கள், குழாய்களுக்குள் வழவழவென்று பயோஃபிலிம், அதாவது கிருமிகளின் படலம், படிந்திருக்கும். பழைய தண்ணீர் இருக்கும்போதே குழாய் சுத்தம் செய்யும் திரவத்தை ஊற்றி, அட்டையில் சொன்ன நேரம் எல்லா ஜெட்டையும் திறந்து ஓடவிடுங்கள். நுரையோடு பழுப்பாகப் பிசுபிசுப்பு மேலே வரும், அதை அள்ளிவிட்டுத் தண்ணீரை இறக்கி, சுவரைத் துடைத்து, ஜெட் முகங்களைக் கழற்றிக் கழுவி, புது ஃபில்டர் போட்டு நிரப்புங்கள். இந்த வேலை நடக்கும்போது சாரல் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்ப்பிரியன் எழுதியது:

சோதித்தேன். என்னுடையதிலும் புள்ளி பாதியிலேயே மறைந்துவிட்டது. கூட்டுக் குளோரினும் இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன், தண்ணீரை மாற்றப் போகிறேன். ஆனால் டைக்ளோர் இல்லாமல் எதைப் போடுவது? ட்ரைக்ளோர் என்ற குளோரின் மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று ஒருவர் சொன்னார்.

குழாய்க்காரர் எழுதியது:

ட்ரைக்ளோர் வேண்டவே வேண்டாம். அதிலும் சயனூரிக் உண்டு, அது கடும் அமிலத்தன்மை, சூட்டில் வேகமாகக் கரையும், ஹீட்டரையும் சீல்களையும் அரித்துவிடும். மிதவை ஒரு மூலையில் ஒட்டி நின்றால் அந்த இடத்துத் தொட்டி ஓடே கெட்டுப்போகும்.

நான் பார்த்துக்கொள்கிற வீட்டுத் தொட்டிகளில் செய்வது இது. புதுத் தண்ணீரில் முதல் சில நாள் டைக்ளோர், சயனூரிக் 30 வருகிற வரைக்கும் மட்டும். 1,200 லிட்டருக்கு மொத்தம் 70 கிராம் அளவில் டைக்ளோர் போனால் அந்த 30 வந்துவிடும். அதற்குப் பிறகு வெறும் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச். வாசனையோ கெட்டிப்படுத்தும் பொருளோ சோப்போ கலக்காததாக இருக்க வேண்டும். 10 சதவீத பிளீச் என்றால் உங்கள் தொட்டியில் 12 மில்லி 1 பிபிஎம் ஏற்றும், 5 சதவீதம் என்றால் 24 மில்லி. இரண்டு பேர் அரைமணி நேரம் குளித்தால் 10 சதவீதத்தில் 80, 90 மில்லி தேவைப்படும், அதோடு 3-க்கு மேல் நிற்கவும் வைக்க வேண்டும். பிளீச் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும், அதனால் பழைய பாட்டிலை நம்பாமல் சோதனையை நம்புங்கள்.

ஆய்வகவாசி எழுதியது:

இதில் மட்டும் எனக்கும் குழாய்க்காரருக்கும் வேறுபாடு. 30 பிபிஎம்கூட எதற்கு? சயனூரிக்கின் பெரிய பயன் வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது, ஹாட் டப்புக்கோ மூடி இருக்கிறது. நோயாளியோ முதியவரோ இருக்கிற வீட்டில் ஆரம்பத்திலிருந்தே சயனூரிக் இல்லாத குளோரினே சரி என்பேன்.

குழாய்க்காரர் எழுதியது:

நீங்கள் சொல்கிற வீட்டில் நானும் அப்படியே சொல்வேன். பொது இடத்துத் தொட்டி என்றாலும் சயனூரிக் கூடவே கூடாது. ஆரோக்கியமானவர்கள் மட்டும் இறங்குகிற வீட்டில் கொஞ்சம் இருந்தால் குளோரினின் கடுமை தோலுக்கும் நீச்சலுடைக்கும் மூடிக்கும் தணியும், குளோரினும் சற்று நின்று பேசும், அதனால் வைக்கிறேன். அதற்கு ஈடாக குளோரினை 3-இல் இழுத்துப் பிடிக்காமல் 4, 5-இல் வைக்கச் சொல்கிறேன். 30 ஏறி 60, 100 ஆவதை மட்டும் விடவே மாட்டேன்.

பி.எச்.சை 7.2-லிருந்து 7.6-க்குள் வையுங்கள், காரத்தன்மையை 60, 80 அளவுக்கு இறக்கிவிட்டால் பி.எச். அடிக்கடி ஏறாது. இறக்குவதற்கு உலர் அமிலம் (சோடியம் பைசல்பேட் தூள்), சிறிது சிறிதாக. அமிலத்தையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ஒரே குவளையைக்கூட இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும். ஒன்றை ஊற்றி ஜெட் ஓடி நன்றாகக் கலந்த பிறகுதான் அடுத்தது. வெவ்வேறு வகைக் குளோரின் தூள்களை உலர்ந்த நிலையில் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எப்போதும் தண்ணீரில் மருந்தைப் போடுங்கள், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். இந்த நாலு வரியையும் மருந்து வைக்கிற அலமாரிக்குள் எழுதி ஒட்டுங்கள்.

நீலத்துளி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி. நான் புரோமின் போட்டுக்கொண்டிருக்கிறேன். குளோரினுக்கு மாற நினைக்கிறேன், நாளையிலிருந்து பிளீச் ஊற்றினால் போதுமா?

குழாய்க்காரர் எழுதியது:

போதாது. தண்ணீரில் புரோமைடு இருக்கிற வரை நீங்கள் ஊற்றுகிற குளோரின் அதைப் புரோமினாக்கிவிட்டுத் தான் போய்விடும். இறக்கி, குழாய் சுத்தம் செய்து, புதுத் தண்ணீரில் ஆரம்பியுங்கள்.

மாலைத்தூறல் எழுதியது:

சுத்தம் செய்தாயிற்று. வெளியே வந்த பிசுக்கைப் பார்த்துவிட்டுத் தம்பி பேசவே இல்லை. சாம்பல் நிறத்தில் ஈரக் காகிதம் கிழிந்து மிதப்பது போல, ஜெட் ஒவ்வொன்றிலிருந்தும் வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் முறையும் திரவம் ஊற்றி ஓட்டினேன். இப்போது புதுத் தண்ணீர், பி.எச். 7.4. நேற்று இரவு 6 பிபிஎம் வைத்து யாரும் இறங்காமல் மூடிவிட்டேன், காலையில் 5. இது சரிதானா? எப்போது இறங்கலாம்? நாங்கள் இரண்டு வாரம் வெளியூர் போகிறோம், அப்போது என்ன செய்வது? அக்கா மகளுக்கு மூன்று வயது, அவளும் இறங்க ஆசைப்படுகிறாள்.

குழாய்க்காரர் எழுதியது:

6-லிருந்து 5 என்றால் குழாய் சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தால் உள்ளே இன்னும் ஏதோ தின்கிறது என்று மறுபடியும் சுத்தம் செய்யச் சொல்லியிருப்பேன். கூட்டுக் குளோரின் 0.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கலாம். குளோரின் 10-க்கு மேல் இருக்கும்போது மட்டும் இறங்க வேண்டாம். இறங்குவதற்கு முன் ஒருமுறை, ஏறிய உடனே மருந்து போட்டு ஒருமுறை என்று சோதித்தால் உங்கள் தொட்டியின் போக்கு சீக்கிரமே கைக்கு வந்துவிடும். குளிக்கிறவர்கள் முன்னதாக ஷவரில் உடம்பைக் கழுவிவிட்டு வந்தால் குளோரின் செலவு நன்றாகவே குறையும்.

வெளியூர் விஷயம்: சுற்றோட்டம் ஓடட்டும், மூடி இருக்கட்டும், கிளம்பும் முன் 8, 10 பிபிஎம் வரை ஏற்றுங்கள், முடிந்தால் இடையில் யாராவது ஒருவர் வந்து சோதித்து மருந்து போடட்டும். ஆள் கிடைக்காவிட்டால் திரும்பி வந்ததும் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து மூடியைத் திறந்து, 10 பிபிஎம் வரை ஏற்றி ஓடவிட்டு, அது ஒரு இரவு நிற்கிறதா என்று பார்த்த பிறகே இறங்குங்கள். நின்றால் தண்ணீர் பிழைத்தது. நிற்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

ஆய்வகவாசி எழுதியது:

குழந்தை வேண்டாம். 5 வயதுக்குக் கீழே ஹாட் டப்பே கூடாது என்பதுதான் சிடிசியின் அறிவுரை. சிறு உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும், தண்ணீரையும் விழுங்குவார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் குளோரின் எவ்வளவு இருந்தாலும் இறங்க விடாதீர்கள், கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வழக்கமான குளோரின் அளவில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

மாலைத்தூறல் எழுதியது:

புள்ளிகள் மங்கிவிட்டன, புதிதாக வரவில்லை. ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டோம், ஹாட் டப் என்றதும் அவரும் நீங்கள் சொன்னதையே சொன்னார். குழந்தைக்கு வெளியே சின்ன வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் கொடுத்தோம். எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று, பழைய ஃபில்டரைக் கழுவி மாற்றாக வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடுவதா?

குழாய்க்காரர் எழுதியது:

அந்தப் பிசுக்கில் ஊறியதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இப்போது போட்ட புதியதை வாரம் ஒருமுறை மடிப்பு மடிப்பாகக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவும் மருந்தில் ஊறவைத்து நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். அதற்காகவே இரண்டாவது ஃபில்டர் ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.